கையோடு வந்த தண்டு

"ஏட்டி, வாரியா, இன்னொண்ணு போடட்டா?" என்று வண்டிக்கு அடியில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார் வேதமுத்து. கேள்வி, துருப்பிடித்த இரும்புக்கு. கோவில்பட்டியில் அவருடைய பட்டறையில் எந்தச் சாமானும் திட்டு வாங்காமல் கழன்று வராது.

ஐம்பது வயதிருக்கும். காக்கி அரைக்கால்சட்டை, பனியன், கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. கழற்றிய நட்டுகளைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு மார்பின்மேல் வைத்துக்கொள்வார். பேச்சு ஓயாது. புதூர்ப் பக்கம் பெய்யாத மழை, மகள் ஜெயகுமாரியின் மாமியார் எல்லாம் அடியிலிருந்தே நமக்குத் தெரியவரும்.

பஸ்ஸில் ஸ்டியரிங் கம்பத்தையும், கீழே சக்கரங்களைத் திருப்பும் பெட்டியையும் ஒரு நடுத்தண்டு சேர்க்கிறது. அதைக் கழற்றுவதென்றால் முதலில் சக்கரங்களை நேராக நிறுத்துவார். ஸ்டியரிங் சுற்றிவிடாமல் சீட்டோடு கயிறு போட்டுக் கட்டுவார். பிறகு அடியில் புகுந்து இரண்டு மூட்டிலும் சுண்ணாம்புக் கோடு. "கோடு மாறி மாட்டுனா டிரைவர் ஒரு பக்கம் பாப்பாரு, சக்கரம் ஒரு பக்கம் பாக்கும்." அதற்கப்புறம் மண்ணெண்ணெய், சுத்தியல், வசவு.

சென்ற மாசியில் ஒருநாள் நாகலாபுரம் பஸ் பட்டறைக்கு வந்தது. "ஸ்டியரிங் லேசா ஆடுது அண்ணாச்சி, பாத்துருங்க" என்றார் டிரைவர் கருத்தையா. அன்று காலை அதே பஸ்ஸில்தான் நானும் ஊரிலிருந்து வந்திருந்தேன். அடுத்த கட்டிடத்தில் எனக்கு வேலை. டீ கிளாசோடு வாசலில் நின்றேன்.

வேதமுத்து கயிறு கட்டிவிட்டு அடியில் புகுந்தார். சம்பந்தியம்மாளைப் பற்றிய பேச்சு பாதியில் நின்றது. பிறகு தண்டும் கையுமாக ஊர்ந்து வெளியே வந்தார். சுத்தியல் தேவைப்படவில்லை. கீழ்மூட்டில் போல்ட்டே இல்லை. கிரீசும் கரிசல் புழுதியும் இறுகித்தான் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. மேல்மூட்டைக் கழற்றியதும், கீழ்மூட்டு தொட்டதுமே வந்துவிட்டது.

தண்டைக் கருத்தையாவிடம் நீட்டினார்.

"போன மாசம் நாந்தான் மாட்டுனேன் அண்ணாச்சி. மேல நட்டு கழலாம பின்னு போட்டிருக்கேன். கீழ போடாம விட்டிருக்கேன். நட்டு கழண்டு போல்ட்டும் எங்கனயோ விழுந்துட்டு."

கருத்தையா அந்த வெற்று ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"காலைல எம்பக்கத்துச் சீட்டுல எம்மவதான் உக்காந்து வந்தா," என்றார். "பிரசவத்துக்கு. இப்பதான் ஆஸ்பத்திரில விட்டுட்டு வாரேன்."

எட்டயபுரம் தாண்டி, எதிரே வந்த லாரிக்கு பஸ் சரக்கென்று ஒதுங்கியது எனக்கு ஞாபகம் வந்தது. கிளாசைத் தரையில் வைத்துவிட்டேன்.

"என்னய அடிச்சாக்கூட அடிங்க," என்றார் வேதமுத்து.

"மாட்டுங்க," என்றார் கருத்தையா. "மதியம் வண்டி எடுக்கணும்."

மாட்டினார். புது போல்ட்டு, புது நட்டு, பின்னைக் குத்தி இரண்டு முனையையும் மடக்கினார். கருத்தையாவையும் அடியில் படுக்கச் சொல்லிக் காட்டினார். அவ்வளவு நேரமும் இரும்புக்கு ஒரு வசவுகூட விழவில்லை.

மதியம் பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் ஏறி நிறைந்தார்கள். கருத்தையா ஸ்டியரிங்கில் கையை வைத்தவர், வண்டியை எடுக்காமல் அப்படியே இருந்தார். கிரீஸ் கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வேதமுத்து, அவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.