பிரிக்காத ஒன்பது பெட்டிகள்

லாய்ட் ஹென்ஷாவின் வீட்டில் இரண்டு கார் நிற்கும் கராஜ் இருந்தது. கார்கள் மட்டும் பதினோரு வருடமாக வெளியே பனியில் நின்றன. உள்ளே இருந்ததெல்லாம் சாமான். மூன்று நாள் ஓடிப் பார்த்த டிரெட்மில், தண்ணீரையே காணாத கயாக் படகு, உறை கழற்றாத ஆறு மடக்கு நாற்காலிகள், ரொட்டி சுடும் மெஷின் இரண்டு. ஒன்று இருப்பது மறந்துபோய் வாங்கியது இன்னொன்று. மிச்சிகனில் முப்பது வருடம் வீட்டுச் சாமான் கடையில் மேலாளராக இருந்தவர். ஊருக்கெல்லாம் ஆசையை விற்றவர், தன் வீட்டுக்கும் தாராளமாகவே எடுத்து வந்துவிட்டார்.

வாங்கும்வரை ஒரு பரபரப்பு இருக்கும். அட்டைப்பெட்டியைக் கிழித்ததும் அது வடிந்துவிடும். ஓய்வு பெற்றபிறகு இது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.

அண்ணன் வெண்டல் வேறு மாதிரி. பள்ளிப் பேருந்துகளை ரிப்பேர் செய்தே காலத்தைக் கழித்தவர், நாலு வார்த்தை பேசினால் அதிகம். கிறிஸ்துமஸ் வந்தால் செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஷூ பெட்டியைத் தம்பி கையில் திணிப்பார். தம்பி பதிலுக்கு ஒரு பளபளப்பான கிஃப்ட் கார்டை நீட்டுவார். பிறகு பிரிக்கலாம் என்று ஷூ பெட்டி கராஜுக்குப் போகும். அந்த ஊரில் பரிசுக்கு நன்றி சொல்லாமல் இருப்பது பெரிய மரியாதைக்குறைவு. அதனால் ஜனவரியில் தவறாமல் போன் போகும்.

"பிரிச்சுப் பாத்தேன் வெண்டல். பிரமாதம்! ரொம்ப தேங்க்ஸ்."

"அப்படியா. சரி," என்று வெண்டல் வைத்துவிடுவார்.

போன கிறிஸ்துமஸுக்குப் பெட்டி வரவில்லை. அப்பாடா, ஒரு சாமான் குறைந்தது என்றுதான் லாய்டுக்குத் தோன்றியது. பிற்பாடு அதை நினைத்து நினைத்துக் கூனிக் குறுகினார்.

மே மாதம், வீட்டை விற்றுச் சின்ன ஃப்ளாட்டுக்குப் போவதென்று முடிவானது. மனைவி மார்லீன் கராஜ் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீயா காலி பண்றியா, இல்ல உன்னையும் சேத்து வித்துரட்டுமா?"

"பண்றேன், பண்றேன்."

"கயாக்குக்கு அடியில என்ன அது, பேப்பர் சுத்தி? உங்க அண்ணன் குடுத்ததுதானே? அடப்பாவி, ஒண்ணைக்கூடப் பிரிக்கலையா நீ?"

ஒன்பது பெட்டிகள். லாய்ட் மேலே இருந்ததைப் பிரித்தார். உள்ளே, மீன் பிடிக்க இறகும் நூலும் சுற்றிச் செய்த ஆறு தூண்டில் பூச்சிகள். வெண்டலின் தடித்த விரல்கள் செய்த வேலை. அடியில் ஒரு சீட்டு: "ஏப்ரல் கடைசி சனிக்கிழமை ட்ரவுட் மீன் சீசன் ஆரம்பம். அப்பா நிப்பாரே, அந்தப் பாலத்துக்கிட்ட. காலையில ஆறு மணி. காபி நான் கொண்டு வரேன். வா."

மற்ற எட்டையும் கிழித்தார். எல்லாவற்றிலும் அதே சீட்டு, மூலையில் எழுதியிருந்த வருடம் மட்டும் வேறு.

பிரிக்காதது ஒரு தப்பு. பிரித்துப் பார்த்ததாக வருடா வருடம் சொன்னாரே, அது அதைவிடப் பெரிய தப்பு. படித்துவிட்டுத்தான் தம்பி வரவில்லை என்றல்லவா அண்ணன் நினைத்திருப்பார்! உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அண்ணனே போய்விடுவார். லாய்ட் போனை எடுத்தார்.

"வெண்டல், உன் பெட்டி எதையுமே நான் பிரிக்கல. இன்னிக்குத்தான் பாத்தேன். இத்தனை வருஷமும் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."



"அப்ப, வர இஷ்டமில்லாமத்தான் வரலைன்னு இல்லையா?" என்று கேட்டார் வெண்டல்.

"சத்தியமா இல்ல."

"எங்கூட நிக்க வெக்கப்படுறான் போலன்னு நெனச்சேன்டா."

"வர்ற ஏப்ரல்ல போவோம் வெண்டல்."

"முழங்கால் போச்சுடா. இனிமே ஆத்துல இறங்க முடியாது. அதான் இந்தத் தடவை பெட்டி கட்டல."

"கரையில உக்காந்தே பிடிக்க இப்ப தனியா நாற்காலி வருது. இப்பவே ஆர்டர் பண்றேன்," என்றார் லாய்ட் அவசரமாக. சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

"வேணாம்டா," என்றார் வெண்டல். குரலில் கோபமே இல்லை. "வருஷா வருஷம் ரெண்டு கப் கொண்டு போவேன். ஒன்பது மணி வரைக்கும் உன்னோடத மூடியே வெச்சிருப்பேன். அப்புறம் ஆறிப்போனத நானே குடிச்சுருவேன்."

உறை கழற்றாத அந்த ஆறு மடக்கு நாற்காலிகளும் பக்கத்திலேயே சாய்ந்திருந்தன. லாய்ட் தரையில் உட்கார்ந்து அழுதார்.