நான் சோதித்த பெண்

மன்னார் நகரில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் ஆறு வருடம் வேலை செய்தேன். முதலில் சாமான் அடுக்கும் வேலை. வந்த சில மாதங்களிலேயே களவெடுத்த மூன்று பேரைக் காட்டிக் கொடுத்ததால், கடையில் கமரா பூட்டியதும் முகாமையாளர் என்னைத்தான் திரைக்கு முன்னால் இருத்தினார். எனக்கு அதில் பெருமை. பின்னேரம் எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போனதும், அன்று யார் எப்படிப் பிடிபட்டார்கள் என்று அம்மாவுக்கு நடித்துக் காட்டிச் சிரிப்பேன்.

கையைப் பார்த்துத்தான் கள்ளரைப் பிடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்ணைத்தான் பார்ப்பேன். வாங்க வருகிறவர் சாமானைப் பார்ப்பார்; எடுக்க வருகிறவர் ஆட்களைப் பார்ப்பார். ஒரே தட்டுக்குத் திரும்பத் திரும்ப வருவார். யாராவது கிட்ட வந்தால் தேவையில்லாத எதையாவது எடுத்து விலை பார்ப்பார். கடைசியில் கமராவுக்கு முதுகைக் காட்டுவார். முகத்துக்குப் பூசும் கிறீம், சவர பிளேட், ஏலக்காய்ப் பைக்கற் எல்லாம் இப்படித்தான் போகும். அதுவரை இந்தக் குறிகள் என்னை ஏமாற்றியதே இல்லை.

ஒரு நாள் மத்தியானம், நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் வந்தார். மஞ்சள் நூல் சேலை, கையில் சின்னப் பை. நேராகப் பெண்களின் உள்ளாடைத் தட்டுக்குப் போனார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஓர் ஆண் அந்த வழியால் வர, நகர்ந்து சோப்புத் தட்டடியில் நின்றார். அந்த ஆள் போனதும் திரும்பி வந்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். பிறகு கமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, முந்தானைக்குக் கீழே சட்டைக்குள் கையை விட்டார். திரும்பியபோது இடது பக்கம் மற்றப் பக்கத்தை விட உயர்ந்து நின்றது. எல்லாக் குறியும் இருந்தது. முகாமையாளரைக் கூப்பிட்டேன்.

பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது கடை விதி. பின்னால் இருந்த களஞ்சிய அறைக்கு அவரைக் கூட்டிப்போனேன். முகாமையாளர் வாசலில் வைத்தே பெயரையும் விலாசத்தையும் கொப்பியில் எழுதச் சொன்னார். அந்தப் பெண் எழுதினார். நானாட்டானுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். நான் கதவைப் பூட்டினேன்.

"அக்கா, சட்டைக்குள்ள வைச்சதை எடுத்துத் தாங்கோ."

"நான் ஒண்டும் எடுக்கேல்லை, பிள்ளை."

"கமராவில பாத்தனான். பொய் சொல்லாதேங்கோ. நீங்களா எடுத்தா நல்லது, இல்லாட்டி நான் கை வைக்க வேண்டி வரும்."

அவர் அரிசி மூட்டைகளின் பக்கம் திரும்பினார். பிறகு சட்டைக்குள் இருந்து அதை எடுத்து என் கையில் வைத்தார். பழைய சேலைத் துணியை மடித்துக் கையால் தைத்த ஒரு உருண்டை. உடல் சூட்டோடு இருந்தது. எனக்கு உடனே விளங்கவில்லை. உள்ளே எதையாவது வைத்துத் தைத்திருக்கிறாரோ என்று அதை விரல்களால் அமர்த்திப் பார்த்தேன். அதைச் செய்தேன் என்று இப்போது எழுதவே கூசுகிறது. அதைக் கண்டுதான் அவர் சட்டைக் கொளுக்கிகளைக் கழற்றினார்.

இடது மார்பு இல்லை. தையல் போட்ட தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"இது நழுவி நழுவிப் போகுது. அதுதான் இறுக்கிப் பிடிக்க ஏதும் கிடக்கோ எண்டு பாக்க வந்தனான்," என்றார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. கொளுக்கியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "என்ர மனுசனுக்கே நான் இன்னும் காட்டேல்லை. நீங்கள்தான் முதல் பாத்தது."

நான் கதவைத் திறந்து, அவர் ஒன்றும் எடுக்கவில்லை என்று முகாமையாளரிடம் சொன்னேன். முகாமையாளர் ஒரு பெரிய பிஸ்கற் பெட்டியைக் கொண்டு ஓடி வந்தார். அந்தப் பெண் அதைத் தொடவில்லை. ஒன்றும் வாங்காமல் வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

மூன்று கிழமை அந்தக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் ஒரு லீவு நாளில் நானாட்டானுக்கு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் அவருடைய கணவர் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா நிக்கிறாவோ?"

"இல்லைப் பிள்ளை, கொழும்பு ஆஸ்பத்திரியில. திரும்பவும் வருத்தம் கூடிப்போச்சு. தங்கச்சி கூட நிக்கிறா. நீங்கள் ஆர்?"

"மன்னார்க் கடையில வேலை செய்யிறனான்."

"அந்தச் சுப்பர் மார்க்கெட்டோ? ஓ, அண்டைக்கு அவ அங்கதான் வந்தவ. கடை பூட்டியிருந்தது எண்டு வெறுங்கையோட திரும்பி வந்தா."

அவர் கதிரை கொண்டுவந்து போட்டார், தேத்தண்ணி போட்டுத் தந்தார். சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்பதென்றால் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதை அவருக்குச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. "அக்கா வந்தாப் பிறகு வாறன்" என்று எழும்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் போனபோது ஒழுங்கை முழுவதும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. மதிலில் ஒட்டிய மரண அறிவித்தலில் அவருடைய படம். சடங்கு முந்தின நாளே முடிந்திருந்தது. பெண்கள் பாயில் இருந்தார்கள். கணவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழும்பி வந்தார்.

"நீங்கள் வந்து போனதை அவவுக்குச் சொன்னனான், பிள்ளை. மன்னார்க் கடையில இருந்து ஒரு பிள்ளை தேடி வந்தது எண்டு."

"என்ன சொன்னவ?"

"மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா. பிறகு, எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது எண்டவ." அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு அவவை எப்பிடிப் பழக்கம்?"

"ஒருக்காக் கடைக்கு வந்தவ, ஐயா. ஒருக்காத்தான் கண்டனான்," என்றேன்.

ஒருமுறை பார்த்தவருக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே என்று அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுக்கவில்லை. பாயின் ஓரத்தில் இருந்து அந்தப் பெண்களோடு சேர்ந்து நானும் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.