குமிழி நிற்க வேண்டும்

அப்பாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அவர் நெஞ்சிலிருந்து வந்த குழாய் அதிலிருந்த நீரில் முடிந்தது. அவர் இருமும்போதெல்லாம் நீரில் குமிழி வந்தது.

நுரையீரல் புற்றுநோய்க்காக வலது மேல்மடலை (நுரையீரலின் ஒரு பகுதி) எடுத்திருந்தார்கள். குமிழி வந்தால் காற்றுக் கசிவு (வெட்டிய விளிம்பு மூடாமல் மூச்சுக்காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் ஒழுகுவது) இருக்கிறது என்று பொருள். அது மூடி, உடம்பு தேறினால்தான் கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்து) தொடங்கலாம்.

நான் சேலத்தில் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர். அறுவைக்கு முன்பே, நுரையீரலை வெட்டி மூடும் கருவிகளை ஒப்பிட்டிருந்தேன். ஸ்டேப்ளர் வெட்டிக்கொண்டே உலோகப் பின்களால் தைக்கும், வேகமானது, சீரானது, ஆனால் நைந்த நுரையீரலில் பின் குத்திய துளையே கிழியலாம். பின்னோடு சேர்த்து வைக்கும் பட்டை அந்தக் கிழிசலைத் தாங்கும். ஸ்டேப்ளர் நுழையாத இடத்துக்குக் கைத்தையல். திசுப்பசையைத் தனியாக நம்ப முடியாது. பட்டை வைத்த ஸ்டேப்ளரைத்தான் டாக்டரும் தேர்ந்தெடுத்தார். மேலே பசையும் பூசினார். அப்படியும் கசிந்தது.

"எதுல தப்பு டாக்டர்?"

"கருவியில தப்பில்லம்மா. துணியே நைஞ்சிருந்தா எந்தத் தையல் நிக்கும்? எத்தனை வருசத்துப் பீடி!"

அப்பாவுக்குக் கவலையே இல்லை. மலைமேல் இருக்கும் எங்கள் பைல் நாட்டில் பொங்குவது எதுவும் கெட்டதில்லை: பால், உலை, ஊற்று. பார்க்க வந்த மாமாவிடம், "பாரு மாப்ள, எப்பிடிப் பொங்குது!" என்று இருமிக் காட்டினார்.

"அடேங்கப்பா! ரெண்டு படி அரிசி போட்டா எறக்கிரலாமுங்க மச்சான்."

இருவரும் சிரித்தார்கள். மாத்திரை கொண்டுவந்த நர்ஸ், "குமிழி வரக் கூடாதுங்கய்யா. நிக்கணும்" என்றார்.

அதன்பின் குமிழி குறைந்தது. கசிவு மூடுகிறது என்று நாங்கள் நம்பினோம். பிறகு காய்ச்சல் வந்தது. சளி தேங்கி நிமோனியா (நுரையீரல் தொற்று) ஆகியிருந்தது.

"ஏன் இருமவே மாட்டேங்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நிக்கணும்னு சொன்னாங்கல்லங்க? நிறுத்திட்டேன்."

இருமல் வரும்போதெல்லாம் வாயை மூடி விழுங்கியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் அந்தப் பெட்டி இருந்தால், குமிழி நிற்க வேண்டும், இருமல் நிற்கக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கசிவு பின்னர் தானாகவே மூடியது. குழாயை எடுத்தார்கள். காய்ச்சல் தின்றது போக மிஞ்சிய உடம்பு கீமோவைத் தாங்காது என்றார் டாக்டர். அடுத்த ஸ்கேனில் இடது பக்கமும் புள்ளிகள் தெரிந்தன.

இப்போது அப்பா மலையில், வீட்டில் இருக்கிறார். போனில் ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்கிறார்.

"மொளகு பறிக்கறப்ப..."

காத்திருக்கிறேன்.

"...லீவு சொல்லிட்டு வந்துரு கண்ணு."

"வாரேம்ப்பா."

அவர் நிறுத்தும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்பது பிறகுதான் தெரிகிறது. முன்பு மாதக் கணக்கில் திட்டமிடுவேன். இப்போது என் காலம் அவர் சொல்லும் வாக்கியத்தின் முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதி வரைதான்.