ஒரு சைஸ் பெரிய ஸ்வெட்டர்

பிறந்ததும் அழாத குழந்தைகளின் மூளைக்குப் பின்னாளில் என்ன ஆகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கொடைக்கானலில் எங்கள் ஃபாலோ-அப் கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழந்தைகளைப் பார்த்து ஃபாரம் நிரப்புவோம். ஃபாரத்தில் நாற்பது கட்டங்கள். ஸ்வெட்டருக்குக் கட்டம் இல்லை.

பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் காதரின் மகன் அன்வர், பிறந்து ஐந்து நிமிடம் மூச்சு விடவில்லை. மூளை பாதித்திருக்கலாம், வளர வளரத்தான் தெரியும் என்று அவன் அம்மா ஜமீலாவிடம் நான்தான் சொன்னேன்.

ஆறாம் மாதம் வந்தார்கள். ஸ்வெட்டர் ஒரு சைஸ் பெரிது. கைகள் வெளியே தெரியவில்லை.

"கடைக்காரரு வீட்டுப் புள்ளைக்கே அளவா ஒண்ணு கெடைக்கலையாங்க?" என்றார் நர்ஸ் செல்வி.

"வளர்ற புள்ளைங்க" என்றார் ஜமீலா. ஸ்வெட்டரின் வலது கையை மட்டும் மடித்துவிட்டார். நான் நீட்டிய மரக்கட்டையை அன்வர் டக்கென்று பிடுங்கினான். 'நார்மல்' என்று டிக் அடித்தேன். ஒன்பதாம் மாதமும் ஒரு வயதிலும் அதே கை, அதே டிக். ஸ்வெட்டர் மட்டும் புதுசு. ஒரு வயதுக்குள் எல்லாவற்றையும் ஒரே கையால் செய்யும் குழந்தையைச் சந்தேகப்பட வேண்டும் என்று மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான்.

பதினைந்தாம் மாதம், பலமுறை கேட்டெழுதிய ஹீட்டர் ஒருவழியாக வந்தது. அறை சூடாகி அன்வருக்கு வேர்த்தது. ஸ்வெட்டரில் கை வைத்தேன்.

"வேணாங்க டாக்டரம்மா, சளி புடிச்சிரும்."

"வேர்த்து ஊத்துதும்மா."

கழற்றினேன். இடது கை இறுக மூடியிருந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது.

"எப்பலேருந்தும்மா?"

"நாலாம் மாசத்துலேருந்துங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "நீங்க நார்மல்னு சொன்னா எனக்கு மூணு மாசத்துக்குத் தூக்கம் வருதுங்க. எழுதிட்டீங்கன்னா அது அப்படியே நின்னுருமோன்னு பயமா கெடந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் வருவதற்குள் என் மேலேயே திரும்பிவிட்டது. மூளை வேகமாகக் கற்றுக்கொள்ளும் மாதங்களை டிக் அடித்தே கழித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பழைய டிக் மூன்றையும் கோடிட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நல்ல கையைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வைத்து, மற்றக் கையை வேலை வாங்க வேண்டும். அதுதான் சிகிச்சை. காதரிடம் சொன்னேன்.

"மூடணும், அம்புட்டுத்தானங்க? அது நம்ம சோலி" என்றார்.

அடுத்த வாரம் அன்வர் புது ஸ்வெட்டரில் வந்தான். அதன் வலது கை நுனி தைத்து மூடியிருந்தது. இடது கை முழங்கையோடு வெட்டியிருந்தது.

"இப்பவும் அளவா இல்லையேங்க" என்றார் செல்வி. ஜமீலா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

புதிதாக வரும் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் ஹீட்டரைப் போடுங்கள். ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று அம்மாவிடம் கேளுங்கள். ஃபாரம் எங்கேயும் ஓடிவிடாது.

அன்வருக்கு இப்போது ஆறு வயது. இடது கை முழுசாகச் சரியாகவில்லை, ஆகவும் ஆகாது. போன வாரம் என் அறையில் பரிசோதனை முடிந்ததும் ஸ்வெட்டரைத் தானே மாட்டி, இரண்டு கையாலும் பொத்தான் போட்டான். உதவப்போன ஜமீலா பாதியில் கையை இழுத்துக்கொண்டார். கடைசிப் பொத்தானுக்கு நாலு நிமிடம் ஆனது. நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

ஸ்வெட்டர் சரியான அளவு.