விரிசல் தேடும் காது

டீ கிளாஸ் கைக்கு வந்ததும் பரசுராமன் குடித்துவிட மாட்டார். விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு. தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்பார். 'ணிங்' என்றால் உறிஞ்சுவார். இல்லாவிட்டால் கிளாஸ் திரும்பிப் போகும். "இது விரிசல் உட்டுகீது. வேற குடுப்பா." கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் இருக்கும். திருத்தணி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மூன்று டீக்கடைகளிலும் அவருக்கு மட்டும் கிளாஸைப் பொறுக்கியெடுத்துத்தான் கொடுக்கிறார்கள்.

வயது அறுபத்து மூன்று. அரக்கோணத்தில் ரயில் பெட்டிகளைச் சோதிக்கும் வேலையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே வண்டி நெடுக நடப்பார். நல்ல சக்கரம் மணியைப் போலப் பேசும். விரிசல் கண்டது தகர டப்பாவைப் போல இருமும். ஒருமுறை கொட்டுகிற மழையில் ஒரு சக்கரத்தின் சத்தம் காதில் சரியாக விழவில்லை என்று கூட்ஸ் வண்டியை இருபது நிமிடம் நிறுத்தி, மேலதிகாரியிடம் வசவு வாங்கியிருக்கிறார். சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் வருத்தம் கிடையாது. "கேக்காதத பாஸ் பண்ணக் கூடாதுங்க."

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மகள் கவிதா சென்னையில் 'சவுண்ட் பாத்' என்று ஓரிடத்துக்கு அழைத்துப் போனாள். வரிசையாகப் படுக்க வைத்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டினார்கள். மற்றவர்கள் கண்மூடிக் கிடக்க, இவர் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அந்த மூணாவத இன்னொரு வாட்டி தட்டும்மா" என்று கேட்டாராம். அதன்பின் மூன்று மாதம் ரயிலேறிப் போய்க் கற்றுக்கொண்டு, ஏழு கிண்ணங்களோடு ஊர் திரும்பினார்.

போன வருடம் வீட்டு வாசலில் பலகை தொங்கியது: 'ஒலிக் குளியல். ஞாயிறு காலை ஆறு மணி. மாடியில்.' முதல் ஞாயிறு வந்த பதினோரு பேரில் எட்டுப் பேர் துண்டும் மாற்றுத் துணியுமாக வந்தார்கள். ஒருவர் கையில் சீயக்காய்ப் பொட்டலம். சரவணப் பொய்கையில் முங்கி எழுந்து மலையேறுகிற ஊரில், குளியல் என்றால் வேறு என்னவென்று நினைப்பார்கள்? அதே தெருவில் பவர்லூம் ஓட்டுகிற ரஞ்சிதம் மாடி முழுக்கச் சுற்றி வந்தாள்.

"தொட்டி எங்க நைனா?"

"தொட்டி கெடையாதும்மா. நீ படு. சத்தம் வந்து மேல ஊத்தும்."

"அப்போ தல தொவட்ட வேணாமா?"

பரசுராமன் சிரிக்கவில்லை. "துண்ட மடிச்சி தலைக்கு வெச்சிக்க" என்றார். இன்றுவரை அந்த மாடியில் தலையணை என்று ஒன்று கிடையாது. வருகிறவர்கள் துண்டோடுதான் வருகிறார்கள்.

வாசலிலேயே சோதனை நடக்கும். "சாப்ட்டியா? எத்தினி இட்லி?" "நாலு." "ஒரு மணி நேரம் கீழ உக்காந்துட்டு வா." நெஞ்சுக்குள் கருவி வைத்தவர்கள், வலிப்பு வருகிறவர்கள், மாசமாக இருப்பவர்கள் எல்லோரும் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். சுகர் போகுமா என்று ஒருவர் கேட்டார். "போவாது. மாத்திரைய நிறுத்திட்டு இங்க வந்தீனா திருப்பி அனுப்பிடுவேன்." பின்னே என்னதான் ஆகும்? "சில பேரு தூங்குவான், கொறட்ட உடுவான். சில பேரு அழுவாங்க, ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. சில பேருக்கு ஒண்ணுமே ஆவாது. முக்கா மணி நேரம் போன் இல்லாம கெடந்தல்ல, அது லாபம்னு வெச்சிக்க."

நானும் படுத்திருக்கிறேன். பெரிய கிண்ணத்தின் ஒலி முதலில் குதிகாலைத்தான் தொடுகிறது. அங்கிருந்து முதுகுத்தண்டில் ஏறி, தோளில் கொஞ்சம் தங்கி, தாடையைத் தளர்த்திவிட்டுப் போகிறது. கைகால் சில்லிட்டுப் போகும் என்பதால் போர்வை வேண்டும். நடுவில், கொடுக்க மறந்த கடுதாசி, பேசாமல் போன தங்கை என்று என்னென்னவோ நினைவுக்கு வரும். ஒரு ஒலி முழுவதுமாகக் கரைந்து, அதன் கடைசி இழையும் அறுந்த பிறகுதான் பரசுராமன் அடுத்ததைத் தட்டுவார். அவருடைய கைத்திறமையைவிட அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

மனைவி கௌரியம்மாள் மாடிக்கு வந்ததே இல்லை. "கிண்ணம் தட்றவரே, காப்பி ஆறிப் போவுது" என்று கீழிருந்து குரல் மட்டும் வரும்.

போன மாதம் ஏழில் மிகச் சிறிய கிண்ணம் அவருக்கு இருமத் தொடங்கியது. தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். "விரிசல்" என்று பேப்பரில் சுற்றிச் சென்னைக்கு எடுத்துப் போனார். கிண்ணம் விற்ற கடைக்காரர் தட்டிக் காட்டினார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நல்லாத்தானே சார் இருக்கு?" பரசுராமன் சண்டை போட்டு வேறொன்று மாற்றி வந்தார். அதுவும் இருமியது. அதையும் பேப்பரில் சுற்றும்போது கௌரியம்மாள் பிடுங்கி, கையிலிருந்த கரண்டியால் ஒரு போடு போட்டாள்.

"பக்கத்து வூடு வரைக்கும் கத்துது. கிண்ணத்துல இல்லீங்க விரிசல்!"

கிண்டலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவள், கிண்ணத்தைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்தாள்.

காது டாக்டர் வரைபடம் போட்டுக் காட்டினார். இத்தனை வருட இரும்புச் சத்தம், மெல்லிய உயர்ந்த ஒலிகளை இரண்டு காதிலிருந்தும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. இனி அது திரும்பி வராது.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பேர் துண்டோடு மாடியேறி வந்தபோது கிண்ணங்கள் ஏழும் உறைக்குள் இருந்தன. பரசுராமன் நின்றுகொண்டே பேசினார்.

"இன்னியோட நிறுத்திக்கறேன். சின்னது எனக்குக் கேக்கல. அது எப்போ முடியுதுன்னு தெரியாமலே அடுத்தத தட்டிகினு இருந்திருக்கேன். இன்னிக்கி சின்னது போச்சி, நாளைக்கி பெருசும் போவும். காது இல்லாதவன் உங்கள பாஸ் பண்ணி அனுப்பக் கூடாது."

ரஞ்சிதம்தான் முதலில் சிரித்தாள்.

"காதா? இங்க யாருக்கு நைனா காது கேக்குது? இருவது வருசமா தறிகிட்ட நிக்கறேன். என் வூட்டுக்காரரு என்ன கூப்டணும்னா தோள்ல தட்டித்தான் கூப்டுவாரு. நீ அந்தச் சின்னத தட்டி ஒரு நாளு கூட எனக்குக் கேட்டதில்ல."

அவளோடு வந்திருந்த தறிக்காரப் பெண்கள் நான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்கள்.

பரசுராமன் திகைத்துப் போனார். "பின்ன எதுக்கு வந்துகினு கீற?"

"பெருச தட்டினா இங்க வந்து உழுதில்ல?" ரஞ்சிதம் நெஞ்சில் கை வைத்தாள். "அதுக்குத்தான். நீ ஒரு வாட்டியாச்சும் முழுசா படுத்துப் பாத்துகிறியா?"

அவள் தன் துண்டை மடித்துத் தரையில் போட்டாள். "படு."

"அட, இன்னாம்மா நீ…"

"படுங்களேன், சொல்லுதில்ல" என்று படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. கௌரியம்மாள் நின்றிருந்தாள்.

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து வைத்துவிட்டு அவர் மெதுவாகப் படுத்தார். ரஞ்சிதம் பெரிய கிண்ணத்தை உறையிலிருந்து எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"ஓரத்துல, மெதுவா…"

"நீ வாய மூடு நைனா. ஒரு வருசமா பாத்துகினு கீறேன்."

அவள் தட்டினாள். ஒலி மாடி முழுக்க விரிந்து, அவர் நெஞ்செலும்பிலும் இறங்கியது. பரசுராமன் இரண்டு கைகளையும் தூக்கி, இரண்டு காதுகளையும் இறுக்கப் பொத்திக்கொண்டார்.