துரையின் புல்தரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில், ஈப்போவில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரனாக இருந்தேன். அதற்கு முன் சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான் படிப்பு.

தலைமையாசிரியர் வெள்ளைக்காரர். எங்களுக்குள் துரை என்போம், நேரில் மலாயில் துவான். அவர் அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. சீமையில் அவர் படித்த பழைய சர்வகலாசாலை ஊர். பலநூறு வருஷத்துக் கல் கட்டடங்கள், ஊசி போல ஒரு கோபுரம், நடுவில் சதுரமாகப் பச்சைப் புல். அதில் வாத்தியார்கள் மட்டுந்தான் கால் வைக்கலாமாம், மற்றவர்கள் சுற்றித்தான் போக வேண்டுமாம். நம் பள்ளிக்கூட வளைவுகளுக்கு முன்னாலும் அதே போல வேண்டும் என்றார்.

எனக்குத் தெரிந்த நல்ல புல் அறுகம்புல்தான். பிள்ளையாருக்கு உகந்தது, கெடுதல் வராது என்று நம்பினேன். பள்ளிக்கூட லீவில், துரை ஊரில் இல்லாதபோது, கணுக்கணுவாகக் கிள்ளி, குனிந்த முதுகு நிமிராமல் நட்டது என் மனைவி.

பிள்ளையார் சதுர்த்தி அன்று காலை அவள் ஈரத்தலையோடு வந்து, புல்லின் நடுவில் உட்கார்ந்து முந்தானையில் அறுகு கிள்ளினாள். துரை வளைவுக்கடியில் வந்து நின்றார்.

"யார் அந்தப் பொம்பளை?" என்று மலாயில் கேட்டார்.

வேலை போனால் பின்கட்டில் கொடுத்திருந்த வீடும் போகும். மறுபடி பால் வாளிதான். வாய் முந்திக்கொண்டது.

"தெரியாது துவான். யாரோ எஸ்டேட்டுப் பொம்பளை."

அவளுக்கும் மலாய் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். கிள்ளியதை அங்கேயே உதறிவிட்டு, ஓரத்துக்கு வந்து, புல்லைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மத்தியானம் சாப்பிடப் போனேன். களிமண் பிள்ளையார் முன்னால் கொழுக்கட்டை இருந்தது, அறுகு இல்லை.

"யாருங்க நீங்க?" என்றாள். "இது தோட்டக்காரரு வீடு. அவரு பொஞ்சாதி யாருன்னு அவருக்கே தெரியாதாம். துவான்கிட்டப் போயிக் கேளுங்க."

முகத்தில் சிரிப்பில்லை. சோறு மட்டும் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்து நானே ஒரு பிடி கிள்ளிப் போனேன். கையில் வாங்கவில்லை.

"அது துரை புல்லு. சாமிக்கு ஆகாது."

குழாயடியில் தனியாக நாலு கணு நட்டிருந்தாள். கடைசிவரை அதில்தான் பூஜை செய்தாள்.

துரை சீமைக்குத் திரும்பும்போது, தன் ஊர் மாதிரியே இருக்கிறது என்று சொல்லி என் தோளைத் தட்டினார். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையார் முன் தினமும் குட்டிக்கொள்கிறேன். அவரிடம் கேட்ட மன்னிப்பை அவளிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமலே அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.