பாம்பு தீண்டாத இரத்தம்

டொக்டர் அந்தக் கண்ணாடிக் குழாயைச் சரித்துக் காட்டியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஐயாவின், என் தகப்பனின், இரத்தம் ஒழுகவில்லை. அடியில் கட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. “புடையன் கடிச்சிருந்தா இது தண்ணியாய் நிண்டிருக்கும். இது பாம்பில்லை,” என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஸ்கந்தபுரத்தில் பற்றைக்காட்டை எரித்து ஐயா வயலாக்கிய துண்டில் விதைப்பு நெருங்கியிருந்தது. வரம்பு கட்டிவிட்டு வந்தவரின் கெண்டைக்கால் திடீரென்று சிவந்து வீங்கியது. புடையன்தான் என்று முடிவுகட்டி விஷகடி வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். வீக்கம் அங்கே வற்றி மற்றக் காலில் எழும்பியது. ஐயாவின் தம்பி, என் சின்னையா, தீர்ப்பே சொல்லிவிட்டார்: “நாகதம்பிரான்ரை இடத்தை எரிச்சுப்போட்டியள், அண்ணை. இந்தமுறை வயலைத் தரிசாய் விடுங்கோ.” பாம்புத் தெய்வத்தின் கோபம்தான் என்று ஊரும் தலையாட்டியது. கூலிக்குக்கூட ஒருவரும் வரவில்லை. அந்த நெல் இல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இல்லை.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாயைக் காட்டிய டொக்டர், ஐயாவின் வயிற்றை அழுத்தினார், கண்ணின் மஞ்சளைப் பார்த்தார். நாளத்துக்குள்ளேயே இரத்தம் இப்படி உறைந்து இடம் மாறி மாறி வந்தால், உள்ளே வேறொன்று வளர்கிறதோ என்று பார்க்க வேண்டும் என்றார். அவர் அனுப்பிவைத்த கொழும்பு ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் சொன்னார்கள்: கணையத்தில் புற்றுநோய். வெட்டியெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டதாம்.

வீடு திரும்பியதும் சின்னையா மறுபடி பரிகாரக் கதையை எடுத்தார். ஐயா சிரித்தார். “டேய், பாம்பு கடிச்ச ரத்தம் உறையாதாம். நீ கதைச்சு முடிக்கிறதுக்குள்ள என்ரை ரத்தம் உறைஞ்சிடும். பிள்ளை, விதைநெல்லை நனையப்போடு.”

அடுத்த வீக்கம் கையில் வந்தது. ஒவ்வொரு புது வீக்கமும் நோய் இன்னும் முன்னேறிவிட்டது என்பதன் அடையாளம் என்று எனக்கு விளங்கியது. அவருக்கும் விளங்கியது. வீங்கிய கையை மடியில் வைத்து, வரம்பில் கதிரை போட்டு அமர்ந்து, மற்றக் கையால் காட்டிக்காட்டி என்னை விதைக்க வைத்தார். ஒரே இடத்தில் கொட்டினால், “கோழிக்கோ போடுறாய்?” என்று சத்தம் போடுவார்.

நெல் கதிர் தள்ளுமுன் ஐயா போய்விட்டார். செத்தவீட்டில் சின்னையா, “நான் அப்பவே சொன்னனான்,” என்று தொடங்கினார். நான் எட்டாம் வகுப்பும் முடிக்காதவள். பெரியவர்கள் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. அன்று திறந்தேன்.

“ஐயாவைப் பாம்பும் கொல்லேல்லை, சாமியும் கொல்லேல்லை. புற்றுநோய் எண்ட வருத்தம் கொண்டுபோனது. நெல்லை நான் வெட்டுவன். ஏலுமெண்டா அரிவாளோட வாங்கோ. ஏலாட்டில் இந்தக் கதையை விடுங்கோ.”

அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறவும் விடமாட்டேன்.

வெட்டு நாளில் விடியவே வரம்பில் சின்னையா நின்றார், அரிவாளோடு. “நல்லாய் விளைஞ்சிருக்கு, பிள்ளை,” என்றார், என் முகத்தைப் பாராமல்.

“தெரியும்,” என்றேன். “குனிஞ்சு வெட்டுங்கோ.”